முதலில் ஒரே ஒரு மீனைச் சொல்லுங்கள்

பெரிய தொட்டி வாங்கியவர்கள்தான் என் கடையில் அதிகம் தடுமாறுகிறார்கள். இரண்டடித் தொட்டிக்காரருக்கு இடமில்லை என்பது தெரியும். பத்து கப்பியோடு நிறுத்திக்கொள்வார். ஆறடித் தொட்டியை ஹாலில் வைத்துவிட்டவருக்கோ, கடையில் நீந்துவதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. வகைக்கு ஒரு ஜோடி கேட்கிறார். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் அன்றைக்கே மீன் கொடுப்பதில்லை, உட்காரவைத்துப் பேசுகிறேன். மூன்று மாதம் கழித்து அவர்கள் வாடிய முகத்தோடு வந்து, ஒவ்வொன்றாகச் செத்துப்போன கதையைச் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை.

சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். இங்கே அப்பா வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி மாலியும் ஸ்வார்ட்டெயிலும் வளர்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குஞ்சு பிரிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: எந்த மீன் எந்த மீனோடு சேரும் என்ற கேள்வியை மீனிலிருந்து தொடங்கக் கூடாது. தொட்டியின் அளவு, வீட்டுத் தண்ணீர், ஊரின் வெயில் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மீனுக்கு வரவேண்டும்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல்; மொத்தம் 680 லிட்டர். 12 மில்லிமீட்டர் கண்ணாடி, மணல், கல், இரும்பு ஸ்டாண்டு சேர்ந்தால் எடை ஒரு டன்னை நெருங்கிவிடும். மாடி வீடு என்றால் பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். வைக்கும் முன் ஒரு இன்ஜினியரைக் கேளுங்கள்.

அண்மையில் அம்பத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் தன் மகளோடு வந்தார். கையில் பட்டியல். ஆஸ்கர், ஏஞ்சல், நியான் டெட்ரா, தங்கமீன், ஷார்க், டைகர் பார்ப், டேங்க் கிளீனர்.

“எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு குடுத்துடுங்கக்கா. பெரிய டேங்க்தான், ஆறடி.”

“முதல்ல ஒரே ஒரு மீனச் சொல்லுங்க சார். எது இல்லன்னா இந்தத் தொட்டியே வேணாம்னு தோணும்?”

அவர் ஆஸ்கர் என்றார். மகள் ஏஞ்சல் என்றாள். இரண்டும் ஒரே தொட்டியில் நிலைக்காது என்று நான் சொன்னதும், “ரெண்டும் இத்துனூண்டுதானே இருக்கு?” என்று கண்ணாடியைக் காட்டினார் அவர். அவர் சொன்னது சரிதான். கடையில் எல்லா மீனும் இரண்டு அங்குலம்தான். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த இரண்டு அங்குல ஆஸ்கர் அமேசான் படுகையின் மீன். நல்ல தீனி கிடைத்தால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஓரடி நீளத்தை நெருங்கும். பத்து வருடத்துக்கு மேல் வாழும். மணலைத் தோண்டும், செடியைப் பிடுங்கும், ஹீட்டரை முட்டித் தள்ளும். வாய்க்குள் நுழையும் எதுவும் அதற்கு இரை. இரவில் விட்ட நியான்கள் விடிந்ததும் இருக்காது. அதில் ஆஸ்கரின் குற்றம் ஒன்றுமில்லை. அதன் ஆற்றிலும் அப்படித்தான் வாழ்கிறது.

ஷார்க் என்று எல்லாக் கடையிலும் விற்கும் சாம்பல் நிற மீன் சுறாவே அல்ல. மேகாங் ஆற்றுக் கெளுத்தி இனம், பங்காசியஸ். சூப்பர் மார்க்கெட்டில் ‘பாசா’ என்று முள்ளில்லாத துண்டாக உறைய வைத்து விற்கிறார்களே, அதே மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். கூட்டமாக வாழ வேண்டியது. தனியாக விட்டால் பயந்து பாய்ந்து கண்ணாடியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். ஆறடித் தொட்டியில் அதற்கு நாலு துடுப்பு அசைக்கக்கூட இடம் கிடையாது. என் கடையில் அதை விற்பதை நிறுத்திவிட்டேன்.

“தொட்டிக்கு ஏத்த அளவுதான் மீன் வளரும்” என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். வளர்ச்சி தடைப்படுவது உண்மை. ஆனால் அது ஆரோக்கியமாகச் சின்னதாக இருப்பதில்லை; கழிவு நிறைந்த தண்ணீரில், நெருக்கடியில் குன்றிப்போவது. முதுகெலும்பு வளையும், கண் மட்டும் பெரிதாகத் தெரியும், வாழ வேண்டிய காலத்தில் பாதிகூட வாழாது. ஆகவே எந்த மீனைக் கேட்டாலும், “முழுசா வளர்ந்தா எவ்வளவு இருக்கும்?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்று ஒரு கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. சின்ன மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பெரிய மீனுக்குப் பொருந்தாது. 3 சென்டிமீட்டர் நியான் பத்தும் 30 சென்டிமீட்டர் ஆஸ்கர் ஒன்றும் நீளத்தில் சமம். ஆனால் நீளம் பத்து மடங்கானால் அகலமும் உயரமும் பத்துப் பத்து மடங்காகும். உடல் ஆயிரம் மடங்கு. ஒரு ஆஸ்கர் தின்பதும் கழிப்பதும் பத்து நியானின் கணக்கில் வராது. 680 லிட்டரில் முழுதாக வளர்ந்த ஆஸ்கர் இரண்டு வைக்கலாம். ஃபில்டர் நன்றாக இருந்து, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் மூன்று. அதற்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

டேங்க் கிளீனரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்காத ஆளே இல்லை. சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். அது தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது பெயரில் மட்டும்தான். குட்டியாக இருக்கும்போது கண்ணாடிப் பாசியைச் சுரண்டும். வளர வளர மற்ற மீனின் தீனிக்கே வந்துவிடும். ஒன்றரை அடிவரை வளர்ந்து, தான் தின்ற பாசியைவிட அதிக அழுக்கைத் தொட்டியில் போட்டுவைக்கும். இன்னொரு கெட்ட பழக்கம், ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டையான மீன்களின் பக்கவாட்டில் இரவில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வழவழப்புப் படலத்தைச் சுரண்டும். அந்தப் படலம் போனால் புண் வரும், நோய் வரும். பாசி தின்ன மீன் வேண்டுமென்றால் பிரிஸ்டில்நோஸ் வாங்குங்கள். மூக்கில் மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும். கடைசிவரை பாசியும் காய்கறியும்தான் அதன் சாப்பாடு.

இனி தண்ணீர். சென்னையில் ஒரே தெருவில் இரண்டு வீட்டுத் தண்ணீர் வேறுவேறாக இருக்கும். ஒரு வீட்டில் மெட்ரோ தண்ணி, அடுத்த வீட்டில் போர். போர் தண்ணீரில் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. குழாயில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பாருங்கள், விலை அதிகமில்லை. கடினத் தண்ணீர் கெட்ட தண்ணீர் அல்ல. மாலி, கப்பி, பிளாட்டி எல்லாம் அதில்தான் செழிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கும் அதுவே சொந்தத் தண்ணீர். ஆனால் டிஸ்கஸையும் கார்டினல் டெட்ராவையும் அதில் விட்டால் உயிரோடு இருக்கும், நிறம் எடுக்காது, நாளடைவில் சோர்ந்துவிடும். தண்ணீரை மீனுக்காக மாற்றுவதைவிடத் தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுப்பதே பெரிய தொட்டியில் சாத்தியம். வாராவாரம் 200 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? இறக்குமதி மீனைவிட இங்கேயே, திருவள்ளூர்ப் பக்கப் பண்ணைகளில் பிறந்து வளர்ந்த மீனுக்கு நம் தண்ணீர் பழகியிருக்கும். “இது எந்தத் தண்ணில வளர்ந்தது?” என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மே மாதத்தில் மூடிய ஹாலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 32 டிகிரியில் அது 7 மில்லிகிராம் சொச்சமாகக் குறைகிறது. சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, கிடைப்பதோ குறைவு. இதனால்தான் குளிர்ந்த தண்ணீர் மீனான தங்கமீனையும் 28 டிகிரிக்கு மேல் சுகமாக இருக்கும் டிஸ்கஸையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்கிறேன். தங்கமீன் நம் ஊரில் பழகி வாழ்கிறது என்றாலும் அது தனக்கென்று ஒரு தொட்டி கேட்கும் மீன். நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். வால் நீண்ட வகைகள் மெதுவாக நீந்துவதால் வேகமான மீன்களுக்கு நடுவே அவற்றுக்குத் தீனியே கிடைக்காது. நியானுக்கும் நம் கோடை அதிகம். அதே நீலச் சிவப்பு வேண்டுமென்றால் ரியோ நீக்ரோவின் கார்டினல் டெட்ரா சூட்டைச் சற்று அதிகம் தாங்கும்.

சிலர் மிஸ் கேரளா கேட்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓட்டத் தண்ணீரில் வாழும் மீன்; உடலில் சிவப்புக் கோடு, அதற்கடியில் கருப்புக் கோடு. பிரான்சிஸ் டே 1865-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். நம் ஹாலின் சூடும் அதற்கு ஆகாது. அது ஆற்றிலேயே இருக்கட்டும்.

குணத்துக்கு வருகிறேன். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று வாங்குவதால் கெடும் மீன்கள்தான் அதிகம். டைகர் பார்ப் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு விட்டால் தொட்டியில் உள்ள அத்தனை நீண்ட துடுப்பையும் கடித்துக் குதறும். ஏஞ்சலின் வால், கௌராமியின் நூல்போன்ற உணர்விழை எதுவும் தப்பாது. பத்துப் பன்னிரண்டாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி அடங்கிவிடும். அப்போதும் ஏஞ்சலோடு வேண்டாம். கோரி, டெட்ரா, லோச் எல்லாம் கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் வாழ்பவை. ஆறுக்குக் குறைந்தால் மூலையில் ஒடுங்கும், நிறம் வெளுக்கும், தின்ன வராது. வாங்கியவர் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார். கூடவே இன்னும் நாலு மீனை விட்டாலே போதும்.

சண்டைக்கு இன்னொரு காரணம் குடும்பம். சிக்லிட் இனத்து மீன்கள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டுவிட்டால் அந்த மூலை அவர்களுடையது. அதுவரை சாதுவாக இருந்த ஏஞ்சல் ஜோடி, மற்ற மீன்களை அடுத்த மூலைக்கே ஓட்டிவிடும். இரண்டடித் தொட்டியில் ஓட இடமில்லாமல் மற்றவை சாகும். ஆறடியில் ஓட இடமிருக்கிறது. பெரிய தொட்டியின் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து. வகைகளைக் கூட்டுவதற்காக அல்ல, ஒரு மீன் தன் முழுக் குணத்தோடும் வாழ இடம் தருவதற்காகத்தான் அந்த நீளம்.

அம்பத்தூர்க்காரர் கடைசியில் மகள் சொன்னதற்கே வந்தார். அவர் வீட்டில் மெட்ரோ தண்ணி, டி.டி.எஸ். 300-க்குள். ஏஞ்சல் என்று முடிவானதும் மற்ற மீன்கள் தாமே வரிசைக்கு வந்தன. ஏஞ்சல் குஞ்சு ஆறு, ஒரே வயதில், ஒரே நேரத்தில்; சேர்ந்து வளர்ந்தால் யார் பெரியவர் என்பது சிறுவயதிலேயே முடிவாகிவிடும். ஏஞ்சலின் வாய்க்குள் நுழையாத, அதே சமயம் துடுப்பைக் கடிக்காத கூட்டத்து மீன் வேண்டும்: காங்கோ டெட்ரா பன்னிரண்டு. மூன்று அங்குலம் வளரும், வெளிச்சத்தில் வானவில் ஓடும். அடியில் ஸ்டெர்பாய் கோரி எட்டு. கோரி இனத்தில் சூட்டைத் தாங்குவது அது. மீசைகள் தேயாமலிருக்கக் கூர்க்கல் வேண்டாம், மெல்லிய மணல் போடச் சொன்னேன். பிரிஸ்டில்நோஸ் ஒன்று. நான்கு வகை, இருபத்தேழு மீன். “இவ்ளோதானா?” என்றாள் அந்தப் பெண். “வளரட்டும் பாரு, கண்ணு” என்றேன்.

ஆஸ்கர்தான் வேண்டுமென்று அவர் நின்றிருந்தால், ஆஸ்கர் இரண்டு, சில்வர் டாலர் எட்டு. சில்வர் டாலர் வட்டமான, கையகல மீன். ஆஸ்கரின் வாயில் நுழையாது, வேகமாக ஓடும். நடுத் தொட்டியில் அவை அச்சமில்லாமல் நீந்துவதைப் பார்த்தால் ஆஸ்கரும் கூச்சம் விட்டு வெளியே வரும். செடி வைக்க முடியாது, இரண்டுமே விடாது. பெரிய கட்டையும் உருண்டைக் கல்லும் போதும்.

கடினமான போர் தண்ணீர்க்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது மலாவி ஏரி மீன்களைத்தான். மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாகக் கடல் மீன்போல் இருக்கும். பாறையிடுக்கு மீன்களான இவற்றில் எண்ணிக்கையைக் குறைத்தால் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். இருபத்தைந்து முப்பதாக, ஒரு ஆணுக்கு மூன்று பெண் வீதம் விட்டால் கோபம் எல்லார்மேலும் பரவி யாரையும் சாய்க்காது. கற்களை நிறைய அடுக்கிப் பொந்துகள் விட வேண்டும். கற்களை முதலில் தொட்டியின் தரையில் ஊன்றிவிட்டுப் பிறகு மணலைப் போடுங்கள். இவை தோண்டும், கல் சரிந்தால் கண்ணாடி போகும். பெரும்பாலும் பாசி தின்பவை என்பதால் புழு போட்டால் வயிறு ஊதும். ஸ்பைருலினா கலந்த தீனி கொடுங்கள். இந்தக் கூட்டத்தில் அமெரிக்க மீன் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். ஃபிளவர்ஹார்னுக்கோ துணையே வேண்டாம். அது தனியாக இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அன்றைக்கே விட முடியாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் நோயற்ற தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு ஒன்று கிடைத்தால் சீக்கிரமாகும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அதற்கான மருந்தை ஊற்றாமல் மாற்றினால் மீனோடு இந்தப் பாக்டீரியாவும் போய்விடும். பிறகு மீன் விடும் வரிசை: பயந்த சுபாவக்காரர்கள் முதலில், அதிகாரம் செய்பவர்கள் கடைசியில். அம்பத்தூர்க்காரர் தொட்டியில் டெட்ராவும் கோரியும் முதலில் போயின, ஏஞ்சல் மூன்று வாரம் கழித்துப் போனது. புது மீனை நேரே பெரிய தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு சின்னத் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு மீன் கொண்டுவரும் வெண்புள்ளி நோய் இருபத்தேழையும் பிடிக்கும். கரண்டு போனால் ஓடுவதற்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மீன் நிறைந்த தொட்டி கோடை இரவில் சில மணி நேரம்கூடத் தாங்காது.

இவ்வளவு பார்த்தும் சில மீன் சேராமல் போகலாம், சில மீன் நினைத்ததைவிடப் பெரிதாகலாம். அப்போது பலர் செய்வது, பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுவது. புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். அப்படி விட்ட சக்கர் மீன் இன்று நம் ஊர் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டுகிறது. ஓடுபோன்ற அதன் உடம்பும் முள்ளும் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. கெண்டையும் கெளுத்தியும் தின்ன வேண்டியதை அது தின்கிறது. வாங்குவாரும் இல்லை. ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வைத்துக்கொள்ள முடியாத மீனை ஒரு பையில் தண்ணீரோடு கட்டி, வாங்கிய கடைக்கே எடுத்துப் போங்கள். காசு திரும்பக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள். கொளத்தூரில் அப்படி வரும் மீனை வாங்கி வைத்து, பெரிய தொட்டி உள்ளவர்களுக்குக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.